வஸ்வாஸும் எதிர்கொள்ளல் சிகிச்சையும்

க.பொ.த. உயர்தர மாணவி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

எங்கள் ருவான்வெல்லைப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வுழூச் செய்ய அரை மணி நேரம் எடுத்தால், "நல்ல பேணுதலான பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே பிள்ளை ஒன்றரை மணி நேரம் பைப்படியில் நின்று, தொழுகை நேரமும் தவறி, கைகள் வெடித்து இரத்தம் கசிந்தால், "வஸ்வாஸ் பிடித்துவிட்டது" என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மருத்துவம் சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது. இது ஒரு நோயாக இருக்கலாம். இதற்குப் பலன் தரும் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சையின் அடிப்படை ஒரு மாணவிக்கும் அவளின் உம்மாவுக்கும் இலகுவில் விளங்கக் கூடியது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் எது?

வைத்தியர்கள் ஓ.சி.டி. என்று அழைக்கும் இந்நோயைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்து பயமூட்டும் எண்ணம்: "கை நஜீஸாக இருக்குமோ", "கேஸை மூடாமல் வந்துவிட்டேனோ", "நிய்யத் சரியாக வந்ததோ". இரண்டாவது, அந்தப் பயத்தைப் போக்கச் செய்யும் செயல்: திரும்பக் கழுவுதல், திரும்பப் பார்த்தல், தக்பீரைத் திரும்பக் கட்டுதல், "சரிதானே?" என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே இருத்தல். இவை நாளின் நேரத்தைத் தின்று, படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும்போதுதான் நோய் என்கிறோம். அலுமாரியை ஒழுங்காக அடுக்கி வைக்க விரும்புவது நோயாகாது.

சிலருக்கு அல்லாஹ்வைப் பற்றியோ பெற்றோரைப் பற்றியோ சொல்லவே கூசும் எண்ணங்கள் வரும். அவற்றை வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று வருடக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். இவர்களுக்கு ஆறுதலான ஓர் ஆய்வு இருக்கிறது. அதைச் செய்த இருவரில் ஒருவர் எங்கள் நாட்டில் பிறந்தவர். பத்மால் டி சில்வா இலங்கையிலிருந்து சென்று லண்டனில் பணியாற்றிய உளவியலாளர். 1978இல் அவரும் ஸ்டான்லி ரக்மனும் நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தார்கள். ஏறத்தாழ 80 சதவீதமானோர் தங்களுக்கும் இப்படியான வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணங்களின் உள்ளடக்கமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது. நோயாளிகளுக்கு அவை அடிக்கடி வந்தன, அதிகம் வருத்தின, இலகுவில் விட்டுப் போகவில்லை. ஆகவே கெட்ட எண்ணம் வந்ததனால் ஒருவர் கெட்டவராகிவிட மாட்டார்.

சுழற்சி ஏன் நிற்பதில்லை?

சந்தேகம் வருகிறது, பயம் ஏறுகிறது. கையைக் கழுவியதும் பயம் இறங்குகிறது. அந்த நிம்மதிதான் பொறி. "கழுவியதால்தான் தப்பினேன்" என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை சந்தேகம் இன்னும் பலமாக வரும், கழுவுதலும் கூடும். மூன்று முறை பத்தாகும், பத்து முப்பதாகும்.

இதில் வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. "உம்மா, நான் காலைக் கழுவினேன் தானே?" என்று மகள் கேட்கிறாள். "ஓம் மகள், கழுவினீங்க" என்று உம்மா அன்போடு சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்ப வரும். உம்மாவின் பதிலும் பைப்புத் தண்ணீரைப் போலவே சிறிது நேர நிம்மதியைத் தந்து நோயை வளர்க்கிறது.

கழுவாவிட்டால் என்ன நடக்கும்?

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இந்நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு புதிய சிகிச்சையைச் செய்து அதன் விபரத்தை வெளியிட்டார். அவர்கள் பயப்படும் விடயத்தை எதிர்கொள்ளச் செய்தார். அதன் பின்னர் வழமையாகச் செய்யும் சடங்கைச் செய்யாமலிருக்க உதவினார். 1974இல் அவரும் அவருடைய சகாக்களும் இவ்வாறு சிகிச்சை பெற்ற 15 பேரைப் பற்றி எழுதியபோது, 10 பேர் மிக நன்றாகத் தேறியிருந்தார்கள். இதுவே இன்று ஈ.ஆர்.பி. எனப்படும் "எதிர்கொள்ளலும் பதிற்செயல் தடுத்தலும்" என்ற சிகிச்சையின் தொடக்கம்.

இது ஏன் பலித்தது என்பதை விளக்க ரக்மன், டி சில்வா, ரோப்பர் ஆகிய மூவரும் 1976இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். நோயாளிகளிடம் கழுவும் தூண்டுதலை ஏற்படுத்திவிட்டு, கழுவாமல் காத்திருக்கச் சொன்னார்கள். தூண்டுதலும் மனக்கஷ்டமும் எவ்வளவு என்று இடைக்கிடை அளந்தார்கள். கழுவாவிட்டால் பயம் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நோயாளிகள் நம்புவார்கள். நடந்தது வேறு. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தூண்டுதல் வேகமாகக் குறைந்தது. மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிட்டது. யாரும் எதுவும் செய்யாமலே பயம் தானாக இறங்கியது. நோயாளி இதுவரை கண்டிராதது இதைத்தான். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அது இறங்குவதற்கு முன்னர் அவர் பைப்பைத் திறந்துவிடுகிறார்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

எனக்கு நெருங்கிய உறவான ஒரு ராத்தா இந்தச் சிகிச்சையைப் பெற்றவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அஸருக்கு வுழூச் செய்யத் தொடங்கி மஃரிப் பாங்கு கேட்கும்வரை கிணற்றடியில் நின்ற நாட்கள் அவருக்கு இருந்தன. சிகிச்சை அளித்தவர் முதலில் ஒரு கொப்பியில் ஏணி ஒன்றை எழுதச் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு பயம் என்று நூற்றுக்குப் புள்ளி இட வேண்டும். ராத்தாவின் ஏணி இப்படி இருந்தது:

அறைக் கதவின் கைபிடியைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கை கழுவாதிருத்தல் – 30
வுழூவில் எந்த உறுப்பையும் மூன்று முறைக்கு மேல் கழுவாதிருத்தல் – 45
ஒரு ஜக்குத் தண்ணீரில் வுழூவை முடித்தல் – 60
சந்தேகம் இருக்கும்போதே தொழுது முடித்து, அதைத் திரும்பத் தொழாதிருத்தல் – 80
ஒரு முழு நாள் யாரிடமும் "சரிதானே?" என்று கேட்காதிருத்தல் – 90

கீழ்ப் படியிலிருந்துதான் தொடங்கினார். ஒரு படி பழகிய பின்னரே அடுத்தது. எந்தப் படியையும் யாரும் வற்புறுத்தவில்லை, தெரிவு ராத்தாவுடையது. ஜக்கில் வுழூச் செய்த முதல் நாள் புள்ளி 70க்கு ஏறியது. அவர் அழுதுகொண்டேதான் தொழுதார். அரை மணி நேரத்தில் 50, ஒரு மணி நேரத்தில் 25 என்று கொப்பியில் எழுதினார். ஒரு வாரம் தினமும் செய்த பின்னர் தொடக்கப் புள்ளியே 40ஆகக் குறைந்தது. நான்கு மாதங்களில் அவர் மறுபடியும் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். சந்தேகம் இப்போதும் சில நேரம் வருகிறது. அதற்காக அவர் ஜக்கை இரண்டாம் முறை நிரப்புவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயம் முழுவதுமாக மறைந்த பின்னர்தான் தொழலாம் என்று இச்சிகிச்சை காத்திருக்கவில்லை. சந்தேகத்தோடும் வாழ முடியும், பயந்தது நடக்கவில்லை என்பதை அனுபவத்தால் படிப்பதே இதன் இலக்கு.

இதே முறை மற்றப் பதற்ற நோய்களுக்கும் உதவுகிறது. 1924இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு அவன் விரும்பும் உணவைக் கொடுத்தபடி முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். காலைக் கூட்டத்தில் பேசப் பயப்படும் மாணவி முதலில் தோழி ஒருத்தி முன்னால் வாசிக்கலாம், பின்னர் வகுப்பில், அதன் பின்னர் மேடையில். மேடையைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைக்கும், பயமும் வளரும்.

மார்க்கத்துக்கு முரணா?

"வுழூவில் குறை விடச் சொல்கிறார்களா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக் கூடும். இல்லை. எல்லோரும் செய்யும் சாதாரண வுழூவுக்குத் திரும்பி வருவதுதான் நோக்கம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அது ஒரு லீற்றருக்கும் குறைவு. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நாம் படித்திருக்கும் ஃபிக்ஹ் விதி. மனதில் தோன்றும் கெட்ட எண்ணங்களைச் சொல்லவே அஞ்சிய ஸஹாபாக்களிடம், அந்த அச்சமே ஈமானின் அடையாளம் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1566இல் மக்காவில் வாழ்ந்து மறைந்தவரான ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னு ஹஜர் அல்-ஹைதமி அவர்களிடம் வஸ்வாஸுக்கு மருந்து என்ன என்று கேட்கப்பட்டது. மனதில் தயக்கம் இருந்தாலும் அதை முற்றாகப் புறக்கணிப்பதே மருந்து என்றும், பொருட்படுத்தாவிட்டால் அது சிறிது நேரத்தில் போய்விடும் என்றும், அதற்குச் செவிசாய்த்தால் வளர்ந்துகொண்டே போகும் என்றும் அவர் பதில் சொன்னார். 1976 ஆய்வின் முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நான் வியந்தேன். ஆகவே சந்தேகமுள்ளவர் நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் ஒரு முறை சட்டத்தைக் கேட்டுத் தெளியட்டும். ஐந்து ஆலிம்களிடம் ஐந்து முறை கேட்பது இன்னொரு கழுவுதல்தான்.

எங்கே போவது?

"அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்று கேலி பேசுவது எங்கள் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல வீடுகளில் நோயை மூடி வைக்கிறார்கள். இந்நோய்க்குப் பெரும்பாலும் வாட்டில் தங்கத் தேவையில்லை; கிளினிக்குக்குப் போய் வரலாம். எங்கள் பகுதியினர் முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, அங்கிருந்து கேகாலை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் பெறலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். சிங்களத்தில் விளக்கிச் சொல்லச் சிரமமானால், என்ன எண்ணம் வருகிறது, என்ன செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் போகிறது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள். சிலருக்கு வைத்தியர் மருந்தும் தருவார். அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலிருந்து பைப்பைப் பறிப்பதும், ஏசுவதும், தண்ணீர் மோட்டரை நிறுத்துவதும் சிகிச்சையாகாது. பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலில், பிள்ளையின் சம்மதத்தோடு, படிப்படியாகச் செய்வதுதான் சிகிச்சை. மகள் பத்தாவது முறை "சரிதானே?" என்று கேட்டால், "சரி" என்றும் சொல்லாமல், "பேசாமல் போ" என்றும் சொல்லாமல், "அந்தச் சந்தேகம் வந்திருக்குப் போல. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் மகள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உண்மையிலேயே பக்கத்தில் இருங்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் தனியாகக் கடக்க மிகவும் கடினமானது.