அண்ணன் மகளின் பிளஸ் டூ

கேள்வி: அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர் மகளுக்கு வரும் வாரம் பிளஸ் டூ தேர்வு. சலுகை கிடைக்குமா?
– வாசகி, திரேஸ்புரம்

பதில்: மனசு கனக்கிறது, அம்மா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தூத்துக்குடியில் அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைத்தார்கள். ஆனால் ஒரு வீட்டுத் துக்கத்துக்காகப் பொதுத்தேர்வு தள்ளிப்போகாது. கருணை மதிப்பெண்ணும் இல்லை. கூடுதல் ஒரு மணி நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை.

இருந்தாலும் வழி அடைபடவில்லை. எழுத முடியாத பாடத்தை மட்டும் ஜூன் கடைசியில் வரும் துணைத் தேர்வில் எழுதலாம். அதே ஆண்டு கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். தலைமையாசிரியரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

எழுதுகிறேன் என்று அவள் சொன்னால் தடுக்காதீர்கள். காலை 10 மணிக்குள் ஹால் டிக்கெட்டோடு கொண்டுவிடுங்கள். முதல் 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்கத்தான்; அதற்குள் கை நடுக்கம் கொஞ்சம் அடங்கும். 1.15-க்கு அவள் வெளியே வரும்போது வாசலில் நில்லுங்கள். எப்படி எழுதினாய் என்று கேட்க வேண்டாம், முதலில் சாப்பிட வையுங்கள்.