காரணம் கேட்காத ராத்திரி

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் நடுராத்திரியில் தெருவில் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். குழாயில் தண்ணீர் விட்டிருப்பார்கள், குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். மில்லில் ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கியிருப்பாள். இல்லையென்றால் கோயில். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனால் விடிய விடிய வெளியில்தான். பொங்கல் சாட்டி ‘வள்ளி திருமணம்’ போட்டால், சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துவைத்த அந்த நாடகம் பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியக்காலையில்தான் முடியும். அப்பத்தாக்கள் பாயும் போர்வையுமாக முன்னால் இடம்பிடித்துவிடுவார்கள். பகலெல்லாம் கரிசல் வெக்கை. ராத்திரிதான் எங்கள் ஊர் கூடும் நேரம். ஆனால் சும்மா, காற்று வாங்கலாமே என்று பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

நர்ஸ் வேலைக்குச் சிங்கப்பூர் வந்த புதிதில் எனக்குப் பெரிதாகப் பட்டது மதுக்கூடமும் ஆட்டமும் அல்ல. மாலை ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்க்கும் பிலிப்பினோ, சீனப் பெண்கள் “சப்பர் போகலாமா?” என்று கேட்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு சாப்பாடு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பிராட்டா கடை. மாஸ்டர் மாவை வீசி விரித்து, மடித்துக் கல்லில் போடுவதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. விருதுநகர் பொரிச்ச பரோட்டாவின் மொறுமொறுப்பு இதில் இல்லைதான். அதைவிட வேறொன்று உறைத்தது. எங்கள் ஊரில் பரோட்டா பெண்களுக்குப் பார்சலில்தான் வரும். ராத்திரிக் கடையின் பெஞ்சு ஆண்களுக்கு. இங்கே இஞ்சி டீயை வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே மணி பதினொன்று என்றால் ஊரில் எட்டரை. அம்மா போன் செய்யும் நேரம். “இந்நேரத்துக்கு வெளியில என்னத்தா செய்ற?” என்ற கேள்விக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. வீடியோவைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த மேசையில் எழுபது வயது இருக்கும் ஒரு சீனப் பாட்டி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அந்தம்மாகூட யாரும் வரலையா?” என்றாள். வரவில்லை என்றேன். அன்றிலிருந்து எட்டரை மணி போனில் பதற்றம் போய்விட்டது, என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீட்டாரிடம் ஒளிக்காதீர்கள், காட்டுங்கள்.

மது விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். “நான் குடிப்பதில்லை, கூட உட்கார்ந்திருக்கிறேன்” என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். நம் விருந்துகளில் நடப்பதுபோல யாரும் வற்புறுத்தியதில்லை. அழைத்தவர் பணம் கொடுப்பார் என்று எண்ணாதீர்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு. கிளார்க் கீ மதுக்கூடங்கள் பக்கம் போவதானால் விலையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். உங்கள் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மேல் டாக்சி மீட்டரில் பாதிக்குப் பாதி கூடுதல் கட்டணம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாக நம் ஊர்ப் பையன்கள். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம். கடைகளிலும் அந்நேரத்தில் மதுவைப் பார்சல் கொடுக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2013 டிசம்பர் 8 அன்று அங்கே தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், அதையொட்டி மூண்ட கலவரமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. சட்டம் 2015-ல் வந்தது. அன்று அங்கே இருந்திராத பையன்கள்மேலும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் நிழல் விழுகிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். வாரம் முழுக்க வெயிலில் நிற்பவனுக்கு இருப்பதே அந்த ஒரு சாயங்காலம்.

குடியிருப்புகளில் ராத்திரி நேரத்தில் சத்தம் கூடாது. போனில் ஊரோடு பேசும் நம் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தைப்பூசத்துக்கு மட்டும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடமும் காவடியும் போகும். அந்த ஊர்வலத்தில் மேளம் வாசிக்க 1973 முதல் தடை இருந்து, அண்மை ஆண்டுகளில்தான் குறிப்பிட்ட இடங்களில் அனுமதித்திருக்கிறார்கள். விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்த எனக்கு இதை ஏற்க நாளானது. எங்கள் ஊரில் ராத்திரிச் சத்தத்துக்குச் சாமி உத்தரவு, இங்கே போலீஸ் உத்தரவு.

இந்த ஊர் எனக்குக் கொடுத்தது காரணம் சொல்லத் தேவையில்லாத ராத்திரி. நம் பக்கம் வேலைக்கான ராத்திரி எப்போதோ திறந்துவிட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அந்தப் பிரிவு செல்லாது என்று 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூற்பாலையில் நடுராத்திரிக்கு நூல் முடிச்சுப் போடலாம், வேலை முடிந்து ஒரு டீ குடிக்க உட்கார முடியாது என்றால் அது என்ன நியாயம்?

2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் பகலில் எத்தனை பெண்கள் வெளியே வருகிறார்கள் என்பது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும். ராத்திரிக்கும் கிராமத்துப் பக்கம் பஸ் வேண்டும். இறங்கும் இடத்தில் விளக்கு வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும். லீவில் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கிராம சபையில் மனு கொடுக்கிறேன். முதலில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். இப்போது மில்லுக்குப் போகும் என் சித்தி மகள்களும் போடுகிறார்கள்.