கோல்ப் விளையாடலாம் வாங்க: ஒரு தொடக்கப் பாடம்

கோல்ப் என்றதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "அது பணக்காரங்க விளையாட்டு லா, நமக்கு எதுக்கு?" புக்கிட் ஜம்புல் பக்கம் மோட்டாரில் போகும்போது பச்சைத் திடலை எட்டிப் பார்ப்போம், அதோடு சரி. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் சிலரைக் கேட்டால், துரைமார்களுக்குப் பை தூக்கிய கதையும் திடலில் புல் வெட்டிய கதையும் சொல்வார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகளான நாம் உள்ளே போய் விளையாடலாம். அதற்கான அடிப்படையைப் பார்ப்போம்.

கணக்கு எப்படி?

ஒரு முழுத் திடலில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஓர் எண் உண்டு; பெரும்பாலும் 3, 4 அல்லது 5. நன்றாக ஆடுபவர் அத்தனை அடிகளில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். 18 குழிக்கும் கூட்டினால் பல திடல்களில் 72 வரும். பாருக்கு ஒன்று குறைந்தால் 'பேர்டி', ஒன்று கூடினால் 'போகி'. குறைவாக அடிப்பவரே வெற்றியாளர்.

புதியவர்கள் 120 அடித்தாலும் வெட்கப்பட வேண்டாம். 'ஹேண்டிகேப்' என்ற முறையில் ஆட்டக்காரரின் திறனுக்கு ஏற்ப 54 வரை சலுகை கிடைக்கும். அதனால் 20 வருடம் ஆடியவரோடு நேற்று தொடங்கியவரும் சமமாகப் போட்டி போடலாம். எனக்குத் தெரிந்து வேறு விளையாட்டுகளில் இது அபூர்வம்.

மட்டைகள்

பையில் 14 மட்டை வரை வைத்திருக்க விதி அனுமதிக்கிறது. நமக்கு முதலில் மூன்று போதும்: 7-ஆம் எண் அயர்ன், பிட்சிங் வெட்ஜ், பட்டர் (ரொட்டியில் தடவுவது இல்லை!).

மட்டைகளுக்குள் முக்கிய வித்தியாசம் முகத்தின் சாய்வு. தூரம் அடிக்கும் டிரைவரின் சாய்வு ஏறக்குறைய 10 பாகை. 7-ஆம் எண் அயர்னில் 30 பாகைக்கு மேல். வெட்ஜில் 45 பாகை அளவில் இருக்கும். சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பந்தை மேலே தூக்க வேண்டும் என்று நினைத்துக் கீழிருந்து அள்ளுவார்கள்; மட்டை தரையில் முட்டும். தூக்கும் வேலையைச் சாய்வு பார்த்துக்கொள்ளும். அயர்னில் அடிக்கும்போது மட்டை கீழ்நோக்கி வந்து, முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும்.

பிடி, நிலை, வீச்சு

இது வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, இடக்கையர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிடி: இடது கை மேலே, வலது கை கீழே. மட்டை உள்ளங்கையில் இல்லாமல் விரல்களின் அடியில் படிய வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முட்டிகள் தெரிந்தால் சரி. ஒரு குருவிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல் பிடியுங்கள். நசுக்கவும் கூடாது, நழுவவும் விடக்கூடாது.

நிலை: கால்கள் தோள் அகலம். முழங்கால் லேசாக மடங்கட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். 7-ஆம் எண் அயர்னுக்குப் பந்து இரு கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

வீச்சு: கையால் மட்டும் அடிக்காமல் தோளைத் திருப்பி மட்டையைப் பின்னால் கொண்டுபோங்கள். இறங்கும்போது முதலில் இடுப்பு திரும்பட்டும், கை தானாகப் பின்தொடரும். முடிக்கும்போது உடல் எடை இடது காலில் நிற்க வேண்டும். மூன்று விநாடி அசையாமல் அப்படியே நிற்க முடிந்தால் வீச்சு சரி; தள்ளாடினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

துரோணர் வைத்த சோதனையில் அர்ச்சுனனுக்குப் பறவை மட்டுமே தெரிந்த கதையைச் சமய வகுப்பில் கேட்டிருப்போம். இங்கே பறவை என்பது பந்து. அது எங்கே போகுது என்று முன்கூட்டியே தலையைத் தூக்கினால் அடி தவறிவிடும்.

பாதி ஆட்டம் தரையில்தான்

பார் கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு 'பட்' சேர்த்திருக்கிறார்கள். 18 குழிக்கு 36. அதாவது 72-இல் சரிபாதி! ஆனால் பழகப் போனால் எல்லாரும் தூரம் அடிக்கவே ஆசைப்படுவோம். பட் செய்ய மணிக்கட்டை அசைக்காமல், தோளைக் கடிகார ஊசல்போல் ஆட்டினால் போதும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வீட்டுக் கம்பளத்தில் ஒரு குவளையைச் சாய்த்து வைத்துத் தினமும் 10 நிமிடம் பழகலாம்.

யார் எண்ணுவது?

பெரிய போட்டிகளில் நடுவர்கள் இருந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் ஆள் நிற்பதில்லை. வார இறுதி ஆட்டத்தில் நடுவரே கிடையாது. பந்தை அடிக்க வீசி, காற்றை மட்டும் அடித்தாலும் அது ஓர் அடி. புல்லுக்குள் கிடக்கும் பந்தை அடிக்கத் தயாராகும்போது மட்டை பட்டு அது நகர்ந்தால் ஓர் அடி தண்டம். பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் நாமே சொல்ல வேண்டும்.

அந்த ஓர் அடியின் எடை தெரிய வேண்டுமா? பிஜித் தீவின் இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங், 1985-இல் இந்தோனேசியாவில் மதிப்பெண் அட்டையில் ஓர் அடியைக் குறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஆசியப் போட்டிகளில் ஆடத் தடை செய்யப்பட்டார். அது தவறான புரிதல் என்று அவர் மறுத்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது நம் நாட்டில் சபா, சரவாக் பக்கம் கிளப்களில் ஆட்டம் கற்றுத்தரும் வேலை. அந்த வெயிலில் மணிக்கணக்காகப் பழகினார். 2000-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2004-இல் டைகர் வூட்ஸைத் தாண்டி உலகின் முதல் இடத்துக்கு வந்தார். அவ்வளவு சாதித்த பிறகும் அந்த ஓர் அடிப் பேச்சு அவரை விடவில்லை. உழைப்பால் மேலே வரலாம் என்பதையும், அட்டையில் எழுதும் எண் எவ்வளவு கனமானது என்பதையும் இந்த ஒரே வாழ்க்கையில் பார்க்கிறோம்.

தொடங்குவது எப்படி?

நேராகத் திடலுக்குப் போக வேண்டாம். முதலில் டிரைவிங் ரேஞ்சில் மட்டையை வாடகைக்கு எடுத்து ஒரு கூடைப் பந்து அடியுங்கள். செட் வாங்க அவசரப்படாதீர்கள்; பழைய 7-ஆம் எண் அயர்ன் ஒன்று கிடைத்தால் போதும். காலர் வைத்த சட்டை போடுங்கள். ஜீன்ஸ் பல கிளப்களில் அனுமதி இல்லை. நான்கு பேர் சேர்ந்து போனால் செலவையும் பெட்ரோலையும் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வீசும்போது மற்றவர்கள் பின்னால் தள்ளி நின்று அமைதியாக இருங்கள்.

எட்டு வாரம் பழகிய பிறகு, பெருநிலத்தில் புக்கிட் ஜாவி அல்லது பெர்த்தாம் பக்கம் உள்ள திடல்களில் ஒன்றுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். முதல் அட்டையில் 130 வந்தால் 130 என்றே எழுதுங்கள். அடுத்த தடவை 125 வரும்போது அந்தச் சந்தோஷம் உண்மையாக இருக்கும்.