499 ரூபாய் இன்டர்நெட்டின் உண்மை விலை: புதிதாக இணைப்பு வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘மாதம் 499 ரூபாய், 100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட்.’ தெருமுனை பேனரில் இப்படிப் போட்டிருப்பதில் நேரடிப் பொய் என்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. பொய்யாகாமல் காப்பாற்றும் நிபந்தனைகள் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிபந்தனைகளை இணைப்பு கொடுப்பவரிடமிருந்து எழுத்தில் வாங்கிவிட்டால், பின்னால் சண்டை போடுவதும் எளிது.

படி 1: மாத வாடகையை விடுங்கள், முதல் பில்லைக் கேளுங்கள்

499 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 588 ரூபாய் 82 காசு. பல இடங்களில் இந்த விலை ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டுபவர்களுக்கு மட்டும்தான். அப்படியானால் முதல் நாளே கையைவிட்டுப் போவது ஏறக்குறைய 3,533 ரூபாய். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் இன்ஸ்டலேஷன் சார்ஜ், ரவுட்டர் டெபாசிட் என்று வேறு கணக்கு வரும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இன்று மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தச் சலுகை முடிந்த பிறகு மாதம் எவ்வளவு? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்கு ‘அப்ப பாத்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் அந்த பிளானை விட்டுவிடுங்கள்.

ஓடிடி ‘இலவசம்’ என்றால் அது இல்லாத பிளானின் விலையையும் கேளுங்கள். வித்தியாசத்தைப் பார்த்தால் இலவசத்தின் விலை தெரிந்துவிடும்.

படி 2: அன்லிமிடெட்டுக்கு எல்லை எங்கே?

‘எஃப்யூபி எவ்வளவு?’ என்று கேளுங்கள். நியாயமான பயன்பாட்டு வரம்பு என்பதற்கான சுருக்கம் இது. அந்த அளவைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகாது, வேகம் மட்டும் சரிந்துவிடும். பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு மாதம் 3,300 ஜிபி. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஹெச்டி படம் ஒரு மணி நேரம் ஓட சுமார் 3 ஜிபிதான் ஆகும். நாளொன்றுக்கு 110 ஜிபியைச் சாதாரணக் குடும்பம் தீர்ப்பது கடினம். கவனிக்க வேண்டியவை வரம்பு சில நூறு ஜிபியிலேயே முடிந்துவிடும் மலிவு பிளான்கள். வரம்பு என்ன, அதற்கு முன் வேகம் என்ன, அதற்குப் பின் என்ன என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. சொல்லாமல் விடுபவரிடம் இதை நினைவுபடுத்தலாம்.

படி 3: 100 எம்பிபிஎஸ் என்றால் என்ன?

இது மெகாபிட் கணக்கு. நம் ஃபைல்களின் அளவோ மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். டவுன்லோடில் 11 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை.

ஏமாற்றம் வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்று, எண்ணுக்கு முன்னால் பொடி எழுத்தில் வரும் ‘அப் டூ’. இன்னொன்று, அவர்கள் மாட்டிவிட்டுப் போகும் ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு 200, 300 என்று பிளான் விற்பார்கள்; வைஃபையில் அதில் பாதிகூட வராது. ‘டூயல் பேண்ட்தானே, 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுங்கள். அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வீடியோ மீட்டிங்கில் கை கொடுப்பது அதுதான்.

படி 4: சொன்னதை வாட்ஸப்பில் வாங்குங்கள்

பல ஊர்களில் இணைப்பு கொடுப்பவர் நமக்குப் பழகிய கேபிள்காரர். கம்பெனி எங்கேயோ இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வாயால் சொன்னது பில்லில் ஏறாது. ‘அண்ணே, பிளான் பேரு, மொத்தத் தொகை, லிமிட், சலுகை முடியும் தேதி, நாலையும் ஒரு மெசேஜா போட்டுடுங்க’ என்றால் போதும். தயங்காமல் அனுப்புகிறவர் பின்னாலும் போன் எடுப்பார்.

படி 5: முதல் வாரத்திலேயே சோதியுங்கள்

ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள் வேகத்தைப் பாருங்கள். தெருவே படம் பார்க்கும் நேரம் அது. காலை ஆறு மணிக்கு எல்லா இணைப்பும் நல்ல இணைப்புதான். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால், காரணம் சுவரோ ரவுட்டரோ. கேபிளிலேயே குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிறுவனம். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 6: புகார், வரிசை மாறாமல்

முதலில் கஸ்டமர் கேர். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். அந்த எண் இல்லையென்றால் நீங்கள் புகாரே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012-ஆம் ஆண்டின் டிராய் விதிப்படி நிறுவனங்களில் அப்படியொருவர் இருக்க வேண்டும். டிராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவை குறித்த வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. நான்காம், ஐந்தாம் படிகளில் சேர்த்த மெசேஜும் ஸ்கிரீன்ஷாட்டும் இங்கே சாட்சி சொல்லும்.

படி 7: விட்டு விலகுவது

செல்போன்போல எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வீட்டு பிராட்பேண்டுக்கு இல்லை. புது இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்வதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்; ஆட்டோ பே போட்டிருந்தால் வங்கிச் செயலியில் அதையும் ரத்து செய்யுங்கள். ரவுட்டரை எடுத்துப்போக ஆள் வந்தால், பெட்டியின் சீரியல் எண்ணோடு ரசீது எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது ‘பெட்டி இன்னும் வரலையே’ என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பதில்.