கூப்பிட்டது கேட்கவில்லையா?

மாலை நேரம். ஏழு வயதுச் சிறுமி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பாப்பா, இங்கே வா" என்று அம்மா கூப்பிடுகிறாள். சிறுமி திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். அப்போதும் திரும்பவில்லை. அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "எவ்வளவு திமிர்!" என்கிறாள். பள்ளிக்கூடத்திலும் இதே புகார்தான். "பாடத்தைக் கவனிப்பதே இல்லை" என்கிறார் ஆசிரியர்.

சிறுமிக்குத் திமிர் இல்லை. அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

அவளுக்கு இரண்டு காதிலும் மாறி மாறிச் சீழ் வடியும். பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். "சின்னப் பிள்ளைக்கு வருவதுதான். வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார்.

ஒரு நாள் சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் வீங்கியது. தொட்டாலே அழுதாள். அன்று தெருவுக்கு வந்த நர்ஸ் அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளாகச் சீழ் வடிகிறது?"

"ரெண்டு வருஷமா வர்றதும் நிக்கிறதுமா இருக்கு, நர்சம்மா."

"காதுக்குப் பின்னால் வீங்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சீழ் எலும்புக்குப் பரவியிருக்கலாம். மூளைக்கும் போய்விடலாம். இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்."

பாட்டி கண் கலங்கினார். "நல்லதுன்னு நினைச்சுத்தானே எண்ணெய் ஊத்தினேன்?"

"தெரியாமல் செய்தீர்கள், பாட்டி. இனிமேல் வேண்டாம்."

சிறுமி ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றாள். உயிருக்கு இருந்த ஆபத்து நீங்கியது. அவளுடைய செவிப்பறையில் ஓட்டை இருந்தது. சில மாதம் கழித்து அறுவைச் சிகிச்சை செய்து அதை அடைத்தார்கள். இப்போது முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. ஆனால் முழுவதும் கேட்கவில்லை. அதனால் ஆசிரியர் அவளை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். முதல் வருஷமே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

காது, மூக்கு, தொண்டை மூன்றும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குள் ஒரு சிறு குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையானது. சரிவும் குறைவு. அதனால் சளி பிடித்தால் கிருமி எளிதில் காதுக்குப் போய்விடுகிறது.

காது

சீழ் வடியும் காதில் எண்ணெய், பால், இலைச்சாறு எதையும் ஊற்றக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியைத் திரி போல் சுருட்டுங்கள். அதைக் காதில் மெதுவாக வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை இப்படிச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். குளிக்கும்போது காதில் தண்ணீர் போகக் கூடாது. இதோடு நின்றுவிடாமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு ஆகியவற்றால் காதைக் குடையாதீர்கள். பயறு, விதை காதுக்குள் போனால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது ஊறிப் பெருத்துவிடும். நீங்களே தோண்டி எடுக்கவும் பார்க்காதீர்கள். டாக்டர் எடுப்பார்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே போங்கள். தாமதித்தால் கேட்கும் திறன் திரும்புவது கடினம்.

மூக்கு

மூக்கில் இரத்தம் வந்தால் படுக்கக் கூடாது. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். உட்கார்ந்து சற்று முன்னால் குனியுங்கள். மூக்கின் மெதுவான பகுதியை விரலால் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சு விடுங்கள். 10 முதல் 15 நிமிடம் வரை விடாமல் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறதா? உள்ளே ஏதோ அடைத்திருக்கலாம். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான சிறு பேட்டரி மிகவும் ஆபத்தானது. அது மூக்கையோ காதையோ சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். விழுங்கினாலும் ஆபத்துதான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தொண்டை

சளியோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும். ஆனால் கடும் காய்ச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தொண்டையில் சாம்பல் நிற ஆடை படர்ந்தாலும் உடனே போங்கள். அது தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். இதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் அலட்சியம் வேண்டாம். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும், கழுத்தில் கட்டி தெரிந்தாலும் அப்படித்தான். புகையிலை, பீடி, குட்கா பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். புற்றுநோயாக இருந்தாலும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

உடனே போக வேண்டியவை

மூச்சு விட முடியாமல் திணறுதல்.
எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயில் வடிதல்.
காதுக்குப் பின்னால் வீக்கம்.
காது வலியோடு கடும் தலைவலி, வாந்தி, மயக்கம்.
காது வலியோடு முகம் ஒரு பக்கம் கோணுதல்.

108 எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்சைக் கூப்பிடலாம்.

காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2007-ஆம் ஆண்டில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே காட்டலாம் என்று சொல்வார்கள்.

பேசுவோம்

1. சிறுமி பாடத்தைக் கவனிக்காததற்கு உண்மையான காரணம் என்ன?
2. மூக்கில் இரத்தம் வந்தால் ஏன் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது?
3. உங்கள் தெருவில் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை யாராவது உண்டா? திட்டுவதற்கு முன் அதன் காதைக் காட்டினார்களா?