பெலி மல் தன்சல் போடப் போகிறவர்களுக்கு

வெசாக் பண்டிகைக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் தன்சல் போட்டு, லயத்துப் பிள்ளைகளையும் நாட்டுப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்க்கப் போகிறோம் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரு பிள்ளையையும் வரிசையில் நிறுத்தாதீர்கள். எல்லாரையும் மேசைக்குப் பின்னால் நிறுத்துங்கள். அடுப்பு அணைந்தால் மூட்டிக்கொள்ளலாம், கருப்பட்டி குறைந்தால் கடைக்கு ஆள் அனுப்பலாம். பிள்ளையின் கையில் கோப்பையைத் திணித்துப் படம் பிடித்துவிட்டால் அதைத் திருப்பி எடுக்க ஏலாது.

ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் முன்பள்ளி நடத்துகிறேன். அப்பா பால் வெட்டினவர். மேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம், கீழே சிங்கள ஊர். அந்த ஊரைத்தான் நாங்கள் நாடு என்போம். நுவரெலியாப் பக்கம் மாதிரி மலை மலையாகத் தோட்டம் மட்டும் இங்கே கிடையாது. றப்பர் மரம் முடிகிற இடத்தில் நாட்டாளின் வேலி தொடங்கிவிடும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் காலையில் பள்ளிக்கூட வேளையில்தான் பிரிவார்கள். ஒருவர் தமிழ்மொழி மூலம், ஒருவர் சிங்களமொழி மூலம், ஆளுக்கொரு பாதை. பின்னேரம் குருகொட ஓயாவில் குளிக்கும்போது மறுபடி ஒன்றாகிவிடுவார்கள். உங்கள் தோட்டத்துக்குக் கீழேயும் ஒரு ஓயா ஓடும், அங்கேயும் இப்படித்தான் நடக்கும். பெரியவர்கள் பாலம் கட்டித்தான் பிள்ளைகள் கடக்க வேண்டும் என்பதில்லை.

இதை அறியாமல் வந்தவர்கள்தான் எங்கள் பிள்ளைகளைக் கெடுத்தார்கள். பெயர் சொல்லமாட்டேன். நல்லெண்ணத்துக்கென்றே நடக்கும் ஓர் அமைப்பு, வெளியிலிருந்து வந்தது. சந்திக்குப் பக்கத்தில் தன்சல் போடுகிறோம், தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பினோம். போய்ப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்கென்று தனி வரிசை, தனி மேசை, பக்கத்தில் பதாகை. நாட்டுப் பிள்ளைகள் மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், வறிய இந்தியத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சகோதர மக்கள் தரும் அன்பளிப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைக்கட் பானம். கையில் வாங்கியதும் படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். குடித்துக் காட்டவும் சொன்னார்கள்.

எந்த இந்தியா? எங்கள் பிள்ளைகளுடைய பாட்டன் பாட்டியின் பிரஜாவுரிமையை 1948இல் பறித்தார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இந்தப் பிள்ளைகள் பிறப்பிலேயே இந்த நாட்டுப் பிரஜைகள். கரவனெல்லை ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை விருந்தாளி என்று மைக்கில் அறிவிக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பானத்தைக் குடிக்காமல் வீடுவரை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் ஓயாவில் யாரோ ஒரு சிறுவன், ‘இலவசமாக் குடிச்சது இனிச்சுதா?’ என்று கேட்டிருக்கிறான். பகிடியாகத்தான் கேட்டிருப்பான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் கல்லுக்கு மேற்பக்கம், அவர்கள் கீழ்ப்பக்கம் என்று குளித்துறை இரண்டானது. வயல் காய்ந்த பிறகு விளையாடும் எல்லே ஆட்டமும் நின்றது. ஒரு பைக்கட் பானத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஒற்றுமை வளர்த்தோம் என்று அந்த அமைப்பு அறிக்கை எழுதியிருக்கும். அங்கே முன்பே இருந்த ஒற்றுமை அவர்கள் கண்ணில் படவேயில்லை.

அடுத்த வெசாக்குக்கு நானும், கீழ் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு தாயும் சேர்ந்து வேறு விதமாகச் செய்தோம். என்னை அவள் நங்கி (தங்கை) என்பாள், நான் அக்கே என்பேன். அவளுடைய யோசனைதான் பெலி மல். காய்ந்த வில்வம்பூவைக் கொதிக்க வைத்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. எங்கள் ஆட்களுக்கு வில்வம் சிவனுக்கு உகந்தது. அவர்களுக்கு அது வயிற்றைக் குளிர்விக்கும் மருந்து. இது அவர்களுடையதா நம்முடையதா என்று யாரும் கேட்கவில்லை. பைக்கட் பானமாக இருந்திருந்தால் எந்தக் கம்பனி என்று மட்டும் கேட்டிருப்பார்கள்.

அனுமதி, காசு, பாத்திரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தன்சலைப் பதிந்துகொள்ளுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து தண்ணீரையும் இடத்தையும் பார்ப்பார். ஓயாத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம், செங்கண்மாரி வந்தால் ஊரே உங்களைத்தான் சொல்லும். 2023 அக்டோபரிலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளரே போதும், கழுவ இரண்டு வாளி வையுங்கள். பூவைத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு போட்டு, தீயைக் குறைத்து, நிறம் இறங்கும்வரை விடவேண்டும். ஆரம்பத்திலேயே போட்டுக் கிண்டினால் கசக்கும்.

கருப்பட்டி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சீனி கலந்தது விலை குறைவென்று வாங்காதீர்கள். சப்ரகமுவ மாகாணத்தில் இருந்துகொண்டு கித்துள் மரம் ஏறுகிற குடும்பத்தைத் தெரியாது என்று சொல்ல ஏலாது. அந்த வீட்டுக்கே போய் வாங்குங்கள், போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். பாணியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் எங்கள் லயத்துப் பெண்பிள்ளை, ‘எங்க அப்பாவும் சிரட்டையிலதான் பால் எடுப்பார்’ என்று சிங்களத்தில் சொன்னாள். அந்த வீட்டுப் பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமே றப்பர் மரம் நின்றும், விடியுமுன் பால் வெட்டுவதை அவன் பார்த்ததேயில்லை. அடுத்த நாள் விடியற்காலை டோர்ச் லைட்டோடு லயத்துக்கு வந்துவிட்டான். அவளுடைய அப்பா பட்டையில் கத்தியை ஓட்டிக் காட்டினார். அவனுடைய தகப்பன் கித்துள் பூவைச் சீவுவார், இவர் றப்பர்ப் பட்டையைச் சீவுவார். இரண்டுக்கும் கை பதமாக ஓடவேண்டும், இல்லாவிட்டால் மரம் கெட்டுப்போகும். ஒலிபெருக்கி வைத்துப் பேசியிருந்தால் இது அந்தப் பிள்ளைகளின் தலையில் ஏறியிருக்காது.

தன்சல் அன்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு லயத்துப் பிள்ளை, ஒரு நாட்டுப் பிள்ளை என்று விட்டோம். ஒன்று கருப்பட்டியை உடைக்கும், ஒன்று ஊற்றும், பிறகு மாறிக்கொள்ளும். கேகாலை பஸ்ஸையும் அவிசாவளை பஸ்ஸையும் கொடி காட்டி மறிக்கவும் இருவரையுமே அனுப்பினோம். தமிழ் ஆட்கள் பஸ்ஸில் இருந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தையல்கார அக்காவின் மகள் கேட்டாள். எங்கள் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். ‘வாங்க, குடிச்சிட்டுப் போங்க’ என்று அவள் கத்தியபோது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, ‘யாரு பிள்ள நீ?’ என்று கேட்டார். அந்தப் பையன் வேறு யாருமல்ல, பானத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனானே, அவன்தான். அன்று சாயந்தரம்வரை அவன் மேசையை விட்டு நகரவில்லை.

எங்கள் பக்கத்திலும் எதிர்ப்பு இருந்தது, அதை மறைக்கமாட்டேன். 1977, 1983 இனக்கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்கள் பட்ட பாடு தெரிந்த பெரியவர்கள், அவங்க பண்டிகையில நமக்கென்ன வேலை என்றார்கள். அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எங்கள் தொங்கல் வீட்டு ஆயா ஒருவர், ஓடிய இரவில் தன்னை ஒளித்து வைத்ததும் ஒரு நாட்டு வீடுதான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. உங்கள் லயத்திலும் அப்படி ஓர் ஆயா இருப்பார். கூட்டம் வைக்குமுன் அவரைப் போய்ப் பாருங்கள்.

கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1934–35 மலேரியாவில் கேகாலைப் பக்கம் சனம் செத்து விழுந்தபோது இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா வீடு வீடாகப் பருப்புக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பருப்பு மாத்தயா (பருப்பு ஐயா) என்றே பெயரானது. 1936இல் ருவான்வெல்லை அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் கொடுத்தது நோயாளிக்கு, பசித்தவனுக்கு. எங்கள் பிள்ளைகள் நோயாளிகளுமல்ல, அன்று பசித்தும் போகவில்லை. அந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்குத் தன்சல் நடத்தும் தகுதி கிடையாது என்பேன்.

ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு அதே பிள்ளைகள் பானகம் கரைத்தார்கள். தேசிக்காய் முழுவதும் நாட்டு வீடுகளிலிருந்து வந்தது. சுக்கு கூடிப்போய்விட்டது என்று தையல்கார அக்கா சொன்னாள், எங்கள் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த வருஷம் அவளையே கரைக்கச் சொல்லிவிட்டார்கள். தேர் லயத்தைச் சுற்றி வரும்போது நாட்டுப் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். குளித்துறை எப்போது மறுபடி ஒன்றானது என்று நான் கவனிக்கவில்லை. திருவிழா முடிந்து ஓயாப் பக்கம் போனபோது கல்லின் இரண்டு பக்கமும் ஒரே கூச்சலாகத்தான் இருந்தது.

தன்சலில் மிஞ்சிய காசில் ஒரு பெரிய அண்டா வாங்குங்கள். வாடகைக்கு எடுத்தால் எடுத்தவர்தான் தலைவராகிவிடுவார். எங்கள் அண்டா வெசாக் முடிந்ததும் கோயில் அறைக்கு வரும், திருவிழா முடிந்ததும் தையல்கார அக்காவின் வீட்டுக்குப் போகும். தூக்கிப் போவது பிள்ளைகள்தான். எந்தச் சங்கத்து அலுவலகத்திலும் அதை வைக்கச் சம்மதிக்காதீர்கள். வைத்தால் அடுத்த வருஷம் அண்டாவோடு பதாகையும் சேர்ந்து வரும்.