ஒற்றறியும் நற்கிருமி



கிருமி என்றதும் நோயே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் கிருமிகள் யாவும் நமக்குப் பகையல்ல. பாலைத் தயிராக்குவதும் பாற்கட்டியாக்குவதும் பற்றீரியா என்னும் நுண்ணுயிர்களே. அவற்றுள் ஒன்று இலக்ரோகொக்கசு இலக்ரிசு. பாற்கட்டி செய்ய நெடுங்காலமாகப் பயன்படும் இவ்வெளிய உயிரை, ஒரு கொடிய நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக அறிஞர் மாற்றியுள்ளனர்.

அந்நோய் கொலரா. நம் முன்னோர் இதனை வாந்திபேதி என்றனர். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் இந்நோய், சிகிச்சை கிடையாவிடின் சில மணி நேரத்திலேயே உடல் நீரை வற்றச்செய்து உயிரைப் பறிக்கவல்லது. 1994ஆம் ஆண்டு ருவாண்டாவிலிருந்து ஓடிய அகதிகள், இன்றைய கொங்கோ சனநாயகக் குடியரசிலுள்ள கோமா நகரை அடுத்துத் தங்கினர். முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றவை கொலராவும் ஏனைய வயிற்றோட்ட நோய்களுமே. போருக்குத் தப்பியவர்கள் குடிநீருக்குத் தப்பவில்லை. இத்தகைய இடங்களில் நோயை முதலிலேயே கண்டறிவது எத்துணை இன்றியமையாதது!

இனி, ஒற்றன் பணிபுரியும் முறையைக் காண்போம். கொலராக் கிருமிகள் தமக்குள் ‘பேசிக்கொள்ளும்’ இயல்புடையன. ஒவ்வொன்றும் ஓர் இரசாயனப் பொருளை வெளிவிடும். கூட்டம் பெருகப் பெருக அப்பொருளும் பெருகும். அதனை உணர்ந்தே அவை தம் தொகையை அறிகின்றன. பகைவர் பேச்சை மறைந்திருந்து கேட்பதன்றோ ஒற்று? திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

2018ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனப் பேராசிரியர் யேம்ஸ் கொலின்சின் குழுவினர், கொலராக் கிருமியின் ‘செவி’ போன்ற பகுதியை இலக்ரோகொக்கசின் உணர்கருவியோடு இணைத்தனர். கொலராவின் இரசாயனக் குரல் எட்டியதும், மாற்றப்பட்ட பற்றீரியா ஒரு நொதியத்தைச் சுரக்கும். எலிக்குஞ்சுகளின் மலத்தைச் சோதித்தபோது, நிற மாற்றத்தின் மூலம் அந்நொதியம் வெளிப்பட்டது. இன்னொரு வியப்பும் உண்டு. மாற்றப்படாத இயற்கையான இலக்ரோகொக்கசு சுரக்கும் இலற்றிக் அமிலம் கொலராக் கிருமிக்கு ஒவ்வாது. அப்பற்றீரியாவை உண்ட எலிக்குஞ்சுகளிற் கூடுதலானவை உயிர் தப்பின.

எனினும், எலியிற் கண்ட வெற்றி மனிதருக்கான மருந்தாகிவிடாது. மாற்றப்பட்ட உயிரின் பரம்பரை அலகுகள் ஏனைய கிருமிகளுக்குப் பரவாது காப்பதும் கடமையாகும். தூய நீரும், மலசலகூடமும், நம் தாயகத்தில் ‘ஜீவனி’ என அறியப்பட்ட உப்புச் சர்க்கரைக் கரைசலுமே கொலராவுக்கு எதிரான முதற் காவல். ஒற்றன் எச்சரிக்கலாம், கோட்டையைக் காப்பது நம் பொறுப்பே.

பயிற்சி (பெற்றோர் வினாவ, பிள்ளைகள் தமிழில் விடை கூறுக)

1. கொலராக் கிருமிகள் தம் தொகையை எவ்வாறு அறிகின்றன?
2. இலக்ரோகொக்கசு கொலராவை எதிர்ப்பது எதனால்?
3. மாற்றப்பட்ட உயிர்களைப் பயன்படுத்துமுன் ஆராய வேண்டியவை யாவை?